ஊன்ட்ரோப்பில் எழுந்தவள்

பலாங்கொடைப் பக்கத்து ஓடைகளில் மாணிக்கம் தேடுகிறவர்கள் கூடையில் மணலைச் சுழற்றிக் கழுவும்போது கனமான சரக்கு அடியில் தங்கும். நீலமோ புஷ்பராகமோ கண்ணில் பட்டால் கை நிற்கும். இல்லையென்றால் கறுப்பு மணலைத் தட்டிக் கொட்டிவிட்டு அடுத்த கூடையை எடுப்பார்கள். அந்தக் கறுப்புக்குள் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக ஒரு கல் கிடந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. 1904இல், இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்த ஆனந்த குமாரசுவாமி அதைக் கையில் எடுத்தார். முதலில் யுரேனியக் கல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, அதுவரை உலகம் அறியாத புதுக் கனிமம், பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். அதே குமாரசுவாமிதான் 1918இல் ‘சிவ நடனம்’ நூலை வெளியிட்டு, ஆடுகிறவன் கையில் எரியும் நெருப்பை வெள்ளைக்காரர்களுக்கு விளக்கினார். எங்கள் சப்ரகமுவ மண்ணில் நெருப்புக் கல்லைத் தொட்ட கைக்குத்தான் அந்த நெருப்பு வசப்பட்டது என்று நான் நம்புகிறேன். மண்ணியல் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தாயே, உன்னைச் சொல்லத்தான் இந்தக் கல்லில் தொடங்கினேன்.

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியப் பகுதியில் ஹம் என்று ஒரு நகரம். லிப்பே ஆறு ஓடும் தட்டை நிலம். எங்களைப் போல மலையில் பிறந்தவர்களுக்கு அங்கே கண் சாய ஒரு மேடு கிடையாது. ஒருபுறம் கோதுமை வயல், மறுபுறம் நிலக்கரி தோண்டித் தீர்ந்த சுரங்க ஊர்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஊன்ட்ரோப். அங்கே தோரியத்தை வைத்து மின்சாரம் எடுக்க ஓர் அணு உலை கட்டினார்கள். 300 மெகாவாட். 1985இல் அதன் மின்சாரம் கம்பியில் ஏறியது. 1989இல் உலையை நிறுத்திவிட்டார்கள். 1991இல் அதன் குளிர்கோபுரத்தை வெடி வைத்துச் சாய்த்தார்கள்.

உலை நின்ற அதே 1989இல், அதே ஹம் நகரத்தில், ஒரு வீட்டின் நிலவறையில் காமாட்சிக்கு விளக்கேற்றினார் அகதியாக வந்த ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள். பூமிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடத்தில். பிறகு 2002 ஜூலை 7ஆம் தேதி, அந்த ஊன்ட்ரோப்பிலேயே, தொழிற்சாலைகளுக்கு நடுவே, 17 மீட்டர் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். வரைபடம் போட்டவர் ஹைன்ஸ்-ரைனர் ஐஷ்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர். சிலை பிடித்தது இந்தியாவிலிருந்து போன சிற்பிகள்.

தோரியம் தணிந்த ஊரில் நீ எழுந்தாய் அம்மா. “அது தற்செயல் சித்தி” என்றான் அக்கா மகன். டோர்ட்மண்டில் எஞ்சினியர். அப்படிச் சொல்வது அவன் உத்தியோகம். உலகத்துக்குத் தோரியனைட் கல்லைக் கொடுத்த மண்ணில் பிறந்தவள் நான். அவனிடம் வாதாட எனக்கு என்ன இருக்கிறது? உன்னைப் பார்க்கத்தானே ஆகாயத்தில் ஏறி வந்தேன்.

அக்கா குடும்பம் இரத்தினபுரித் தோட்டத்தை விட்டது 1981 ஆகஸ்ட் கலவரத்தில். லயத்துக்குத் தீ வைத்தார்கள். இறப்பர் மரங்களுக்குள் ஒளிந்திருந்து, விடிந்ததும் வவுனியாப் பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. அங்கேயும் சண்டை வந்தது. பிறகு மூத்தவன் எப்படியோ ஜெர்மனி சேர்ந்து தாயையும் கூப்பிட்டுக்கொண்டான். ஹம் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தார். எங்கள் பேச்சு அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். அக்கா அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. “நான் மலைநாட்டாள்னு அம்மாளுக்குத் தெரியும்டி” என்பாள். அவ்வளவுதான் அவளுடைய சமயம்.

ஹம் நகரத்துக்குள் நுழைகிற எனக்கு முதலில் தரிசனம் தந்தது கோபுரம் இல்லை. யானை! கண்ணாடியாலும் இரும்பாலும் ஆன, 35 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற பெரிய யானை. மாக்ஸிமிலியன் என்ற நிலக்கரிச் சுரங்கம் தண்ணீர் புகுந்து 1914இல் மூடப்பட்டது. வெகுகாலம் பாழாகக் கிடந்த அதன் கரி கழுவும் கட்டடத்தை, 1984இல் ஒரு பூங்காக் கண்காட்சிக்காக ஹோர்ஸ்ட் ரெல்லெக்கே என்ற கலைஞர் யானையாக மாற்றிவிட்டார். தும்பிக்கைக்குள் லிஃப்ட் ஓடுகிறது. நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அக்கா மகன் தலையைத் திருப்பிக்கொண்டான். சுரங்கம், தண்ணீர், கழுவுவது, யானை: இரத்தினபுரிக்காரிக்கு இதில் எது புரியாது? கரும்பு வில்லும் பாசமும் அங்குசமும் ஏந்தியவள் ஊருக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பிள்ளை போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

தேருக்கு முந்தைய வாரம் அக்கா என்னை ஸோஸ்ட் என்ற பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனாள். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தவள். பச்சை நிற மணற்கல்லால் கட்டிய தேவாலயங்கள் உள்ள ஊர் அது. ‘புல்வெளி மாதா’ கோயிலில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஏறக்குறைய 1500இல் செய்தது. யேசுவின் கடைசி இராப்போசனம். நான் எட்டிப் பார்த்தேன். மேசையில் என்ன இருக்கிறது தெரியுமா? பன்றித் தலை. தொடைக்கறி. பியர்க் குவளைகள். இந்த நாட்டுக் கறுப்பு ரொட்டி. எருசலேம் எங்கே, வெஸ்ட்ஃபாலியா எங்கே! யூதர் வீட்டுப் பந்தியில் பன்றித் தலையை வைக்க அந்த ஓவியனுக்கு எவ்வளவு உரிமை இருந்திருக்க வேண்டும். சாமி எங்கள் ஊருக்கு வந்தால் எங்கள் சாப்பாட்டைத்தானே சாப்பிடும் என்று அவன் முடிவெடுத்துவிட்டான். நான் அங்கேயே, அந்த மர பெஞ்சில், சத்தமில்லாமல் அழுதேன்.

ஏனென்றால் எங்கள் மலையிலும் அதேதான் நடந்தது. எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது கையில் ஆகமம் இல்லை. ஒரு கல்லை மரத்தடியில் நட்டு மாரி என்றார்கள். தேயிலை ஸ்டோரின் சக்கரத்தைக் காக்க ரோதமுனி வந்தார். கவ்வாத்துக் கத்தி காலில் படாமல் இருக்கக் கவ்வாத்துச்சாமி வந்தார். அவர்களுக்கு நாங்கள் வைத்தது எங்களிடம் இருந்ததுதான்: ரொட்டி, சுருட்டு, ஒரு மிடறு சாராயம். துரை கொடுத்த கோதுமை மா, சாமிக்கு ஆகாது என்று யாரும் சொன்னதில்லை. ஸோஸ்ட் ஓவியனும் எங்கள் கங்காணி காலத்துப் பூசாரியும் ஒருவரையொருவர் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்கள்.

அந்தக் கறுப்பு ரொட்டிக்குப் பம்பர்நிக்கல் என்று பெயர். ரை என்ற தானியத்தைக் குறைந்த சூட்டில் பதினாறு மணி நேரத்துக்கும் மேலே அடுப்பில் வைத்திருப்பார்கள். சீனி சேர்க்காமலே, அந்த நீண்ட வேக்காட்டிலேயே இனிப்பும் கறுப்பும் வந்துவிடும். வாயில் போட்டால் நம் குரக்கன் ரொட்டி மாதிரி கனமாக இறங்குகிறது. அக்கா அதைக் கட்டச் சம்பலோடு தந்தாள். விரத நாட்கள் என்பதால் மாமிசம் கிடையாது. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கிற ரைபக்கூகன் உண்டு, அதற்கு ஆப்பிள் கூழ் தொட்டுக்கொள்கிறார்கள்; அது எனக்கு ஒத்துவரவில்லை, மிளகாய்த்தூள் தூவிக்கொண்டேன். ஆனால் ஸ்பார்கல்! வெள்ளை அஸ்பாரகஸ். மண்ணைக் கூட்டி வரப்பாகக் குவித்து, வெயில் படாமல் மூடி வளர்க்கிறார்கள். தலை வெளியே எட்டிப் பார்க்கும் முன் அறுத்துவிட வேண்டும், வெளிச்சம் பட்டால் நிறம் மாறிவிடும். ஜூன் 24, யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு செடியை வளரவிட வேண்டும், அடுத்த வருஷத்துக்கு அதற்கும் உயிர் வேண்டுமே. கொழுந்து பறித்த வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துவிட்டது. அக்கா அதைத் தேங்காய்ப் பாலில் சொதி வைத்தாள். முதல் கரண்டியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். நிலவறையில் இருந்து எழுந்தவளுக்கு மண்ணுக்குள் இருந்து வந்த வெள்ளைத் தண்டு. நீ வேண்டாம் என்றா சொல்லியிருப்பாய்?

தேர் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு, நெதர்லாந்து, சுவிஸ் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ்கள். பாரிஸ் பிள்ளைகளும் சூரிச் பிள்ளைகளும் பட்டுப் பாவாடையில். போலீஸ்காரர்கள் வீதியை மறித்து நிற்கிறார்கள். தூரத்தில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி. நாதஸ்வரம் எழுந்தது. தவில் எழுந்தது. அந்தத் தட்டை நிலத்தில் ஒலி தடுக்க மலையில்லை, எதிரொலி இல்லை, அது போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் தப்புச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். இங்கே திரும்பி வரவில்லை தாயே, நீயே எல்லாத் திசையிலும் நின்று வாங்கிக்கொண்டாய்.

முதுகில் கொக்கி மாட்டிய காவடிகள் ஆடின. பெண்கள் கற்பூரச் சட்டி ஏந்தினார்கள். வடக்கு ஐரோப்பாவின் தார் வீதியில் வெற்று மேலோடு ஆண்கள் உருண்டார்கள். சிதறு தேங்காயின் தண்ணீர் அந்தத் தாரில் ஓடியது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி, ஊர்க்காரியாக இருக்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரித் தெரியவில்லை.

பிறகு நீ வந்தாய். கோபுர வாசலில் திரை விலகிய நேரம் பூவுக்கு நடுவே இரண்டு கண். அவ்வளவுதான் பார்த்தேன். மாலை தெரியவில்லை, நகை தெரியவில்லை, கண் மட்டும். அந்தக் கண் என்னைக் கேட்டது: வந்துட்டியா? எங்கள் தோட்டத்துப் பேச்சில் கேட்டது! “வந்துட்டேன் தாயி” என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். கத்தினேன், மறுபடி கத்தினேன். எரிந்த லயத்துக்கு வந்தேன், இறப்பர் மரத்து இருட்டுக்கு வந்தேன், வவுனியாக் கொட்டிலுக்கு வந்தேன், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். உன்னோடுதான் நடந்து வந்தேன் என்றாய். காதால் கேட்டேன். யாரும் நம்ப வேண்டியதில்லை.

வடத்தைப் பிடித்தேன். பெண்கள் பக்கத்து வடம். என் முன்னால் ஒரு தாதி உடுப்புப் பெண், இரவு வேலை முடித்து நேரே வந்தவளாம், பின்னால் அக்கா. தேர் முதலில் அசையவில்லை. அப்புறம் ஒரு முனகல், சக்கரம் திரும்பியது, பல்லாயிரம் தொண்டையிலிருந்து அரோகரா! என் கை எரிந்தது. எரியட்டும். கல்லில் கிடந்த நெருப்பும் நீ, குமாரசுவாமி கண்ட கூத்தன் கையில் ஆடிய நெருப்பும் நீ, உலைக்குள் அடைக்கப் பார்த்து முடியாமல் போனதும் நீ, நிலவறையில் ஒற்றைத் திரியாக நின்றதும் நீ. இழு இழு என்று யாரோ சொன்னார்கள். நான் இழுக்கவில்லை. நீ இழுத்தாய், நான் கயிற்றோடு போனேன். காலில் எப்போது செருப்புக் கடித்த புண் உடைந்தது, எப்போது மழை தூறி நின்றது, ஒன்றும் தெரியாது. தேர் நிலைக்கு வந்த பிறகு அன்னதானப் பந்தியில் சோறும் சாம்பாரும் தட்டில் விழுந்தபோதுதான் எனக்குப் பசி என்பது நினைவுக்கு வந்தது. அக்காவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், சின்ன வயசில் மாதிரி.

மறுநாள் தீர்த்தம். 1914இல் திறந்த டாட்டல்ன்–ஹம் கால்வாய்க்கு அம்பாளை எழுந்தருளச் செய்தார்கள். நிலக்கரிப் படகுகளுக்காக வெட்டிய நேர்கோட்டுத் தண்ணீர் அது. கங்கைக்கு உள்ள கதை எதுவும் அதற்குக் கிடையாது. குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்ல அதற்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் உடுப்போடு குதித்தார்கள். ஜூன் மாசத்திலும் எலும்பு வரை குளிர். மூன்று முறை முங்கினேன். பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலில் பிடித்து மூடியை இறுக்கினேன்.

“சீமைக் கால்வாத் தண்ணிய எங்கடி கொண்டுபோற?” என்றாள் அக்கா.

“நம்ம மாரிக்கு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் போத்தலைத் தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி என் பெட்டியின் நடுவில் வைத்தாள். மேலே நாலு பொட்டலம் பம்பர்நிக்கல்.

ஆடியில் எங்கள் தோட்டத்துத் திருவிழா. டிராக்டரில் சப்பரம் கட்டுகிறார்கள், லயத்துப் பையன்கள் வாழைமரம் சுமக்கிறார்கள், தப்புக்குத் தீ காட்டிச் சூடேற்றுகிறார்கள். கரகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் பூசாரி பீலிக்குக் கிளம்பியபோது நான் போத்தலை நீட்டினேன். எந்த ஆத்துத் தண்ணி என்றார். ஜெர்மனியில் காமாட்சி முங்கின தண்ணி, கப்பல் போகிற கால்வாய் என்றேன். அதில் மாடு குளிப்பாட்டுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ரோதமுனிக்கு வைத்திருந்த படையலில், சுருட்டுக்குப் பக்கத்தில், அதற்குள் யாரோ கறுப்பு ரொட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள். பூசாரி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஊத்துங்க டீச்சர், நேரமாகுது.”