குறையா, தாமதமா?

ஒரு பையன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லையென்றால் அது குறையா, அல்லது வெறும் தாமதமா? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்பது நமது அபிப்பிராயம்.

நாம் வைத்தியரல்ல, ஆயர் குரோவில் கடை வைத்திருப்பவர்கள். ஆயினும் கல்லாவுக்கு முன்னால் நின்று பேசுகிற பெற்றோரின் கவலை நம் காதில் விழாமலில்லை. 14 வயதுப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, "தம்பிக்காரன் இவனைத் தாண்டிவிட்டான், உயரம் வளர ஏதும் டின் இருக்கிறதா பாய்?" என்று கேட்கிறார்கள். பையன் தரையைப் பார்க்கிறான். அப்படியொரு டின் கிடையாது என்று சொல்லி அனுப்புகிறோம்.

மூளையின் அடியில், பட்டாணி அளவான பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது குழாய்த் தண்ணீர்போல் சீராக வருவதன்று. விட்டுவிட்டு வருகிறது, அதிலும் பெரும்பகுதி இரவின் ஆழ்ந்த உறக்கத்தில். ஆகவே பகலில் ஒருமுறை இரத்தம் எடுத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மருந்து கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, பலமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கலுண்டு. பருவம் பிந்திய பையனுக்கு ஆண்மை ஹார்மோன் இன்னும் ஊறாததால், நல்ல சுரப்பிகூடச் சோதனையில் சோம்பலாகத் தோன்றும். அதனால் சில வைத்தியர்கள் அந்த ஹார்மோனைச் சிறிதளவு கொடுத்த பிறகே சோதிக்கிறார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையும் பார்ப்பார்கள். பையனுக்கு 14, எலும்புக்கு 12 என்றால் வளர்ச்சி இன்னும் மீதியிருக்கிறது. வாப்பாவோ மாமாவோ பிந்தி வளர்ந்தவராக இருப்பதும் வழக்கம்.

மெய்யாகவே சுரப்பில்லாத பிள்ளைக்கு ஊசி பெரிய உபகாரம், அதில் வாதமில்லை. 1958-இல் அமெரிக்காவில் மாரிஸ் ரேபன் இச்சிகிச்சையின் பலனை வெளியிட்டபோது, மருந்து இறந்தோரின் சுரப்பியிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் வழியாகச் சிலருக்குப் பல வருஷங்களுக்குப் பின் மூளையை அழிக்கும் நோய் வந்தது தெரிந்து 1985-இல் அங்கே அது நின்றது. அதே வருஷம் ஆய்வுக்கூடத்தில் செய்த ஹார்மோன் வந்தது. மருந்து தாராளமானதும் கேட்போரும் பெருகினர். 2003-இல் அமெரிக்க அரசாங்கம், சுரப்பில் குறையில்லாத மிகக் குள்ளமான பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுத்தது. பல வருஷம் தினமும் ஊசி. கிடைப்பது சராசரியாகச் சில சென்டிமீட்டர்.

ஊர் கேலி செய்கிறது என்பதற்காக, ஊர் திருந்தாமல் நோயில்லாத பிள்ளைக்கு ஊசி குத்துவது எந்த நியாயம்? ஆனால் கேலியைச் சுமப்பவன் அவன், நாமல்ல. ஆதலால் நாமே சுலபமாக "வேண்டாம்" என்று சொல்லிவிடவும் கூடாது. அவனையும் கேட்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களை எல்சி விடோசன் என்ற ஆங்கிலப் பெண்மணி கவனித்து 1951-இல் எழுதினார். ஓர் இல்லத்துக்கு அதிகப்படியாக ரொட்டி கொடுத்தார்கள். அதே சமயத்தில் பிள்ளைகளைச் சாப்பாட்டு வேளையில் ஏசுகிற கண்காணிப்பாளர் அங்கே மாற்றலாகி வந்தார். அதிகம் உண்ட பிள்ளைகள் குறைவாகவே வளர்ந்தார்கள்! பிறகு 1967-இல், அன்பில்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஹார்மோன் குறைந்திருந்ததையும், இடம் மாறியதும் ஹார்மோன் ஊசி இல்லாமலே வளர்ந்ததையும் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டார்கள். கடையில் வைத்துப் பிள்ளையை இகழ்கிற பெற்றோர் இதைக் கேட்கட்டும்.

நம் மலேசியாவில் 2019-இல் எடுத்த கணக்கின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் உயரம் குறைந்தவர்கள். போதிய சத்தில்லாத பிள்ளைக்கு ஹார்மோன் பெரும்பாலும் குறைவதில்லை; உடம்புதான் அதற்கு இணங்குவதில்லை. அங்கே ஊசி முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகாது.

ஆறு மாதத்துக்கொருமுறை கதவு நிலையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லையென்றாலோ, 14 முடிந்தும் பருவக்குறி தோன்றவில்லையென்றாலோ கிளினிக்குக்குப் போய் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். அந்தக் கோடுகளின் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.