கல் வைத்த கூரை

ஒருவன் தேர்ந்தெடுக்கும் பொருள்களைக் கொண்டு அவனது தன்மையை அளந்து விடலாம் என்று நாம் நம்புகிறோம். தேர்ந்தெடுக்கும் உரிமையே குறுக்கப்பட்டவனை எதைக் கொண்டு அளப்பது? இதற்கு விடை காண, ஹட்டன், நுவரெலியா மலைகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், லயத்தின் பின்புறம் மரக்கறிப் பாத்தியோரமாக நிற்கும் சிறு கொட்டிலின் கூரையைச் சற்று அண்ணாந்து பார்ப்போம்.

கவ்வாத்து மிலாறு நனையாதிருக்கவும், மண்வெட்டியும் கூடையும் வைக்கவும், பசுவோ கோழியோ ஒண்டிக்கொள்ளவும் எழுப்பப்பட்ட கொட்டில் அது. லயத்தின் கூரை தோட்டம் போட்ட கூரை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் பலவற்றை ஒரே முகடு மூடி நிற்கிறது. ஒரு காம்பராவில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவ அதுவே வழியாகிறது. அக்கூரையைப் பற்றித் தொழிலாளியிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அவன் தானே யோசித்துத் தானே போட்டது இக்கொட்டிலின் கூரை ஒன்றுதான்.

அவன் முன்னுள்ள வழிகள் யாவை? மானாப்புல் செலவில்லாதது, வெப்பமும் குளிரும் தாங்கும்; ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், தீக்கும் அஞ்ச வேண்டும். தகரம் மழையை விரைந்து வடிக்கும். ஆனால் பகலில் கொதிக்கும், பனியிரவில் உட்புறம் வியர்த்துச் சொட்டும். அஸ்பெஸ்டஸ் தகடு மழையின் இரைச்சலை அடக்கும். ஆனால் அதனை அறுத்தாலும் உடைத்தாலும் எழும் நுண்ணிழை நுரையீரலில் தங்கும். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளுமே புற்றுநோய் விளைவிப்பன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இந்தத் தகட்டுக்கும் தேயிலைக்கும் ஓர் உறவு உண்டு. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாகத் தடுத்தது. அஸ்பெஸ்டஸைப் பெருமளவில் விற்கும் நாடும் அதுவே. சில நாட்களுக்குள் இலங்கையின் கட்டுப்பாடு தள்ளி வைக்கப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறித்த கைகளுக்கு உரியோரின் நுரையீரல் இப்பேரத்தில் எந்த நிறையில் வைக்கப்பட்டது என்று கேட்போர் இல்லை.

பெரும்பாலும் கொட்டிலுக்குக் கிடைப்பது பழைய தகரமே. அதை எப்படிப் போடவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. தென்மேற்குப் பருவக்காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட அடியிலிருந்து தூக்கவே முனையும். ஆதலால் தகடுகளின் ஒட்டு காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். ஆணி தகட்டின் மேட்டில் இறங்கவேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். சட்டமும் தூணும் இறுகப் பிணைந்திருக்க வேண்டும். இவ்வளவு அறிந்தும் பல கூரைகளின் மேல் நாம் காண்பது கல்லும் பழைய டயரும் கம்பிக்கட்டுமே. பார்ப்பவர் இதனை அசட்டை என்று சொல்லிக் கடந்துபோகிறார்.

அது அசட்டை அன்று, கணக்கு. ஆணி அடித்த தகரத்தைப் பிடுங்கினால் கையில் மிஞ்சுவது ஓட்டைத் தகரம். கல் வைத்த தகரத்தையோ முழுதாகத் தூக்கிக்கொண்டு போகலாம். 'கொட்டிலை எடு' என்ற உத்தரவு எந்தக் காலையில் வரும் என்று அறியாதவன் கல்லைத் தேர்வதில் வியப்பென்ன? 1948-ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடந்து போகச் சொன்னது. 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-க்குப் பின் அவை 53 ஆண்டுக் குத்தகையில் மீண்டும் கம்பனிகளிடம் சென்றன. கம்பனிக்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் வசதி உண்டு. தலைமுறைகளாக அதே மண்ணில் வாழ்பவனுக்கோ அடுத்த மழைக்காலமே எல்லை.

கண்டபடி கட்டினால் சரிவுக்கும் உயிருக்கும் ஆபத்து, ஆகவே அனுமதி வேண்டும் என்பர். இதில் நியாயம் உண்டு; காற்றில் உருளும் கல் குழந்தையின் தலையைத் தேடாது என்று நாம் உறுதி கூற முடியாது. ஆனால் 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதையுண்டவை தோட்டமே கட்டிக் கொடுத்த லயங்கள். அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு என்பதை அந்த மண் காட்டிற்று.

இந்திய உதவியுடன் 550 சதுர அடியில் எழுந்த தனி வீடுகளை நாம் வரவேற்கிறோம். எனினும் லயத்திலேயே இன்னும் வாழ்வோர் ஏராளம். அவர்களைப் பார்த்துப் பொறுப்பைப் போதிப்பவர் ஒன்றை எண்ணவேண்டும்: நாளை என்பது தனக்குரியது என்ற உறுதி உடையவனே நாளைக்காகக் கட்டுவான். காணியின் உறுதிப்பத்திரத்தை முதலில் அவன் கையில் கொடுப்போம். கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்கும் தகுதி அதன் பிறகே நமக்கு உண்டாகும்.