கட்டும் உமியும்

கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் முட்டையைப் பார்ப்பார்கள். கொண்டையின் நிறத்தைப் பார்ப்பார்கள். கோழி நொண்டத் தொடங்கிய பிறகே அதற்குக் கால் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். அதற்குள், முள்ளோ கண்ணாடிச் சில்லோ கீறிய இடத்தின் வழியாக, மனிதர்களில் பலருடைய மூக்கினுள்ளும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி உட்புகுந்து, உள்ளங்காலின் நடுவே கறுத்த பொருக்கொன்றை எழுப்பி, அதன் அடியில் சீழைத் திரட்டி வைத்திருக்கும். பறவையின் சீழ் நம்முடையதைப்போல் ஒழுகுவதன்று. கெட்டியாக இறுகிக் கிடப்பது. ஆகையால் கீறிவிட்டால் வடிந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

கோழியைத் துணியில் சுற்றித் தலையையும் மூடி மடியில் கிடத்திக்கொண்டால், இருட்டில் அடங்கிவிடுவது அதன் சுபாவமாதலால், அதிகம் திமிறாது. கையுறை மாட்டிக்கொண்டு, பேதி உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, பொருக்கு இளகியபின் அதை மெல்ல அகற்றி, பொவிடோன் அயோடினால் ரணத்தைக் கழுவி, களிம்பு தடவி, காஸ் துணியை மடித்து வைத்து, விரல்களின் இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுத்துணியை ஓட்டிக் கணைக்காலில் முடிக்கவேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும். தளர்த்தினால் கோழியே கொத்தி அவிழ்த்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிதானம் கைப்பழக்கத்தால் வருவது. வீக்கம் காலின் மேலே ஏறிவிட்டதானால் கத்தி வைப்பது கால்நடை மருத்துவரின் பொறுப்பு. அவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், அவர் குறிக்கும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டையை உண்ணலாகாது.

இந்தச் சிகிச்சை நடக்கையில் வேலிக்கு அப்பால் நின்று பார்க்க ஆள் சேர்ந்துவிடுகிறது. "நொண்டிக் கோழியைக் குழம்பு வைக்காமல் வைத்தியம் பண்ணுகிறாயே, தம்பி!" என்று அண்டை வீட்டுப் பாட்டி சிரிக்கும்போதும், அந்தச் சிரிப்பில் ஒரு மெச்சுதல் கலந்திருப்பதை நான் அறியாமல் இல்லை.

ஆனால் அந்தப் புண் எங்கிருந்து வந்தது? கோழி அடைய உயரத்தில் கட்டிய கட்டையிலிருந்து இறுகிய தரையில் குதிப்பதாலும், கட்டையில் நீட்டியிருக்கும் சிராயாலும், ஈரம் காயாத கூட்டாலும், உடலில் ஏறிய அளவுமீறிய பாரத்தாலும், வைட்டமின் ஏ குறைந்த தீனியாலும் வந்தது. கட்டையை இறக்கி இழைத்துவிட்டு, கூட்டில் நனைந்த உமியை அள்ளிக் காய்ந்த உமியைப் பரப்பி, ஒரு பிடி முருங்கைக்கீரையும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்த காரியம். உமி மாற்றுகிறவனை எவர் நின்று பார்க்கிறார்? கட்டுப் போடும் கருணைக்கு ஒரு ரூபம் உண்டு, பிரயாசை உண்டு, பார்வையாளரும் உண்டு; வராமற்போன நோய்க்கோ சாட்சியே இல்லை. ஹார்லிக்ஸ் புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு விரைந்து வரும் நம் பந்துக்களில், பெரியவர் வழுக்கி விழுந்த அந்தப் பாசி படிந்த கிணற்றடியை அதற்கு முன்பு ஒருநாளாவது தேய்த்துவிட்டவர் எத்தனை பேர்? அவர்களுடைய அன்பு பொய்யென்று சொல்லமாட்டேன். துன்பம் கண்ணெதிரே வந்து நின்றாலன்றி விழித்துக்கொள்ளாத அன்பு அது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

இத்தனையும் தெரிந்த நானே, கட்டுப் போடும் வித்தையை விஸ்தாரமாக எழுதிவிட்டு, உமி மாற்றுவதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதை வாசகர் கவனித்திருப்பார்.