நகராத நிழல்

'மறுநாள் காலை' என்று எழுதிவிட்டு அடித்தேன். அங்கே மறுநாளும் இல்லை, காலையும் இல்லை.

என் நாவலின் கிரகத்துக்கு மாதிரி, சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா சென்டாரியைச் சுற்றும் 'பி'. 2016-இல் கண்டறிந்தார்கள். தொலைவு சுமார் 4.2 ஒளியாண்டு. அந்த விண்மீன் மங்கலான செங்குள்ளன். தண்ணீர் உறையாமல் இருக்க வேண்டுமென்றால் கிரகம் அதை ஒட்டியே சுற்றவேண்டும், 11.2 நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடுகிறது. அவ்வளவு நெருக்கத்தில், நிலா நமக்குக் காட்டுவதுபோல அதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு பாதி தீராப் பகல், மறுபாதி தீரா இரவு. இரவுப்பக்கத்தில் காற்றே உறைந்துவிடுமோ என்ற ஐயம் வெகுகாலம் இருந்தது. ஓரளவு காற்று இருந்தாலே வெப்பம் அந்தப் பக்கம் போய்ச்சேரும் என்று 1997-இல் வெளியான ஒரு கணிப்பு காட்டியது. அதை நம்பித்தான் இரண்டும் சந்திக்கும் விளிம்பில் என் ஊரை வைத்தேன்.

முகத்தில் வெயில். முதுகில் இரவுப்பக்கத்துக் குளிர்காற்று. எப்போதும்.

ஒரு பாறையை மனத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நிழல் நகரவே இல்லை. அந்தச் சூரியன் நம்முடையதைப்போல் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். அதனால் நிழலின் ஓரம் கூர்மையாக இராது, வெளிச்சம் மெல்ல மெல்லக் கரைந்து இருளாகும். பாறைக்கு முன்னால், குறைந்த ஒளியை வீணாக்காத கருத்த இலைகள். பின்னால், யார் பிறப்பதற்கும் முன்பே படிந்த பனி. நம் வீட்டு மாடியில் வடாம் காயும் பாயை வெயிலுக்காக இழுத்து இழுத்துப் போடுவோம். அங்கே பாட்டி விரித்த இடத்திலேயே பேத்தியும் விரிப்பாள். ஒருவர் சுவர் எழுப்பினால் பின்னாலுள்ள வயல் வெயிலை அடியோடு இழந்துவிடும். அந்த ஊரின் முதல் வழக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1953-இல் வந்த ஹால் கிளெமென்ட்டின் கதையில் வரும் மெஸ்க்ளின் கிரகத்தில், நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல் 3 மடங்கு, துருவத்தில் பல நூறு மடங்கு. அங்குள்ள உயிர்கள் சிறிய உயரத்துக்கும் நடுங்கும். கணக்கிலிருந்து ஒரு பயம் பிறந்திருக்கிறது. அதனால்தான் அந்த உலகத்தை நம்புகிறேன்.

எனக்குக் கணக்கைவிடச் சொல்தான் கடினமாக இருக்கிறது. 'பொழுது' என்றால் நமக்குச் சூரியனும் அதுதான், நேரமும் அதுதான். பொழுது சாயாத ஊரில் ஒருவர் வயதானதை எப்படிச் சொல்வது?

நேற்று கிரகத்தின் பாதையைச் சற்றே நீள்வட்டமாக்கினேன். நிலாவின் பாதை வட்டமாக இல்லாததும் அது லேசாகத் தலையாட்ட ஒரு காரணம். அதன் பரப்பில் 59 சதவீதம்வரை நாம் பார்த்துவிடுகிறோம். இனி என் கிரகமும் தலையாட்டும். பாறையின் நிழல் இருந்த கோட்டிலேயே கொஞ்சம் நீண்டு சுருங்கும். ஊருக்கு வெளியே, இரவின் பக்கமாக ஒரு மேடு. 11 நாளுக்கு ஒருமுறை அங்கே சூரியன் சிறிது எழும்பி, மறுபடி அமிழும்.

பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்கு நடக்கிறாள். அடித்த சொற்களில் ஒன்றை மட்டும் திரும்ப எழுதினேன்: காலை.