பிசினால் கட்டிய வீடு

வாசல்

பழைய சுவரின் விரிசலிலிருந்து சின்னக் குழாய் ஒன்று வெளியே நீண்டிருக்கிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. கறுத்த ஓரம், தொட்டால் விரலில் ஒட்டும். அதன் வாயைச் சுற்றி ஏழெட்டு முகங்கள் வெளியே பார்த்தபடி காவலிருக்கின்றன. விரலை அருகே கொண்டுபோனால் அத்தனையும் சட்டென்று உள்ளே மறையும். அசையாமல் பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து தன் இடத்தைப் பிடிக்கும்.

இவை கொசுத்தேனீக்கள். சுவர் இடுக்கு, மரப்பொந்து, மூங்கில், மின்மீட்டர் பெட்டி என்று இருட்டான சந்து எங்கே கிடைத்தாலும் குடியேறும். உடல் நீளம் நான்கு மில்லிமீட்டர் அளவுதான். அறிவியலில் இதற்கு டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ் என்று பெயர். 1854இல் ஃபிரெடரிக் ஸ்மித் இலங்கையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இந்த இனத்தை விவரித்தார். உலகம் முழுக்க இதன் உறவினங்கள் ஐநூறுக்கு மேல் இருக்கின்றன. எதற்கும் கொட்டத் தெரியாது. கொடுக்கு இருந்த இடத்தில் தேய்ந்துபோன மிச்சம் மட்டும் உண்டு. கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான்.

எல்லோரும் தேடி வரும் தேனை வைத்துக்கொண்டு, கொட்டவும் முடியாத ஓர் உயிர் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது? இந்தக் கேள்வியோடுதான் நான் வாசல் முன் உட்காருகிறேன்.

பிசின்

காலை வெயில் ஏறும்போது திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களைப் பார்க்க வேண்டும். மகரந்தம் கொண்டுவருபவற்றின் சுமை மங்கலாக, மாவுபோலத் தெரியும். இடையிடையே வரும் சிலவற்றின் காலில் இருப்பது மினுமினுக்கும், ஒளி ஊடுருவும். அது பிசின்.

மாமரத்தின் பட்டை காயம்பட்ட இடத்தில் நின்றால் இது சேகரிக்கப்படுவதையும் பார்க்கலாம். தாடையால் கிள்ளி, முன்னங்காலுக்கு மாற்றி, நடுக்காலால் வாங்கி, பின்னங்காலில் அப்புகிறது. மறுபடியும் கிள்ளுகிறது. ஒட்டும் பொருளுக்குள் ஒட்டிக்கொள்ளாமல் வேலை செய்வதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! மா, பலா, மட்டி, மலையோரமானால் வெள்ளைக் குங்கிலியம் என்று எந்த மரம் கசிகிறதோ அங்கே போகும்.

கூட்டுக்குள் இந்தப் பிசினைத் தன் உடலில் சுரக்கும் மெழுகோடு பிசைந்துகொள்கிறது. அந்தக் கலவைதான் எல்லாம்: வாசல் குழாய், தூண், குஞ்சறை, மகரந்தக் குடம், தேன் குடம். விரிசல்களையும் அதைக் கொண்டே அடைக்கிறது. வாசலில் புதிதாகத் தடவிய பிசினைத் தாண்ட எறும்பு தயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் இதன் உறவினமான டெட்ராகொனுலா கார்பொனாரியாவின் கூட்டுக்குள் சிறு கூட்டு வண்டு நுழைந்தால், தேனீக்கள் அதைச் சூழ்ந்துகொண்டு, பிசினும் மெழுகும் மண்ணும் அப்பி, இருந்த இடத்திலேயே உயிரோடு மூடிவிடுகின்றன. 2010இல் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள்.

ஜெர்மன் ஆய்வாளர் சாரா லியோன்ஹார்ட் தன் குழுவோடு போர்னியோ காடுகளில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். மரப்பிசினில் இருக்கும் டெர்பீன் என்ற மணப்பொருள்கள் அங்குள்ள கொடுக்கில்லாத் தேனீக்களின் மேல்தோலிலும் இருக்கின்றன. அவை தேனீ தானாகச் சுரப்பவை அல்ல, மரத்திடமிருந்து வந்தவை. அந்த மணம் எறும்புகளை விலக்குகிறது. மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளச் சுரந்தது தேனீக்குச் சுவராகவும் காவலாகவும் மேனி மணமாகவும் ஆகிறது. வாசலில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

அம்பர்

இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சியும் பிசினுக்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்த அம்பர் துண்டு ஒன்றில் கொடுக்கில்லாத் தேனீ ஒன்று அப்படியே உறைந்திருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தின் கடைசிப் பகுதி அதன் காலம். மிச்செனரும் கிரிமால்டியும் 1988இல் அதை விவரித்தார்கள். டொமினிகன் குடியரசின் அம்பரில் இன்னொரு கொடுக்கில்லாத் தேனீ இனம் ஏராளமாகக் கிடைக்கிறது. பிசினைத் தேடிப் போனவை பிசினிலேயே சிக்கின. ஒவ்வொரு சுமையும் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததுதான் என்பதை அந்தத் துண்டுகள் காட்டுகின்றன.

குஞ்சறை

அடுக்குத் தேனீ தன் புழுவுக்கு நாள்தோறும் ஊட்டுகிறது. கொசுத்தேனீ அப்படிச் செய்வதில்லை. சிறு உருண்டை அறையைக் கட்டி முடித்ததும் வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வளர்ந்து முடியும்வரை தேவையான உணவு முழுவதையும் அதில் நிரப்புகின்றன. ராணி வந்து அந்த உணவின் மேல் ஒரு முட்டையை நிறுத்தி வைக்கிறது. உடனே அறை மூடப்படுகிறது. உள்ளே இருக்கும் புழுவின் முகத்தை அதன்பின் யாரும் பார்ப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து ஒரு முழுத் தேனீ வெளியே வருகிறது. அடுக்குத் தேனீக்கு இதே வளர்ச்சிக்கு மூன்று வாரம் போதும்.

புழு தன் கூட்டுறையை நெய்துகொண்டதும், வெளியே பூசியிருந்த மெழுகுக் கலவையை வேலைக்காரத் தேனீக்கள் சுரண்டி எடுத்துவிடுகின்றன. அது அடுத்த அறைக்குப் போகும். மரத்திலிருந்து அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஒரே இடத்தில் விட்டுவைக்க இந்தக் குடும்பத்துக்கு மனம் வருவதில்லை.

பிரிவு

அடுக்குத் தேனீக் கூட்டம் பிரியும்போது கிழ ராணி வெளியேறும், வீடு மகளுக்கு. இங்கே நேர்மாறு. முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு கனத்துவிடுவதால் அதனால் பறக்க முடியாது. எனவே புறப்படுவது இளைய ராணி. அதற்கு முன்பே வேலைக்காரத் தேனீக்கள் புதிய இடுக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, தாய்க்கூட்டிலிருந்து பிசினையும் மெழுகையும் தேனையும் சுமந்துபோய் வீட்டைக் கட்டத் தொடங்குகின்றன. மகள் குடியேறிய பிறகும் இந்தப் போக்குவரத்து சில நாட்களில் முடிவதில்லை, வாரக்கணக்கில் நீளும். மணமுடித்துப் போன பெண்ணுக்குத் தாய்வீடு சீர் சுமப்பதைப் போல.

இதில் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. சீர் சுமக்கும் தூரத்தில்தான் மகள் வீடு அமைய முடியும். தொலைவில் புதுக் காடு ஒன்று உருவானாலும் இவற்றால் ஒரே தாவாகத் தாவி அங்கே போய்விட முடியாது. பக்கத்துப் பொந்து, அதற்குப் பக்கத்துப் பொந்து என்று மெல்லத்தான் பரவும். நடுவே ஒரு கண்ணி அறுந்தால் அந்தப் பக்கம் போக வழி இல்லை.

தேன்

தேன் குடங்கள் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குபவை, ஒன்றோடொன்று ஒட்டிய கொத்துகள். ஒன்றை உடைத்து நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பு. பிறகு இனிப்பு. தொண்டையில் இறங்கும்போது பிசினின் மணமும் லேசான கசப்பும். மற்றத் தேனைவிட நீர்த்திருக்கும். ஈரம் அதிகம் என்பதால் குடத்துக்குள் மெல்லிய நொதித்தல் நடக்கிறது. தேனீ சேர்க்கும் நொதி ஒன்று குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றுகிறது. குடத்தின் சுவரிலிருந்து பிசினின் பொருள்களும் தேனில் இறங்குகின்றன.

2020இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மேரி ஃபிளெட்சர் குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாடுகளின் ஐந்து கொடுக்கில்லாத் தேனீ இனங்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை இருந்தது. 100 கிராம் தேனில் 13 முதல் 44 கிராம் வரை. இது மெதுவாகச் செரிப்பது, பல்லைச் சொத்தையாக்காதது. அதே வழியில் தொடர்ந்த ஆய்வில், சாதாரணச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தாலும் தேனீ அதை டிரெஹலுலோஸாக மாற்றிவிடுகிறது என்று தெரிந்தது. ஆகவே அந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதாலேயே ஒரு தேன் பூவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

அந்த ஐந்தில் நம் கொசுத்தேனீ இல்லை. ஆனாலும் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று சொல்லி இதன் தேன், சிறுதேன் என்ற பெயரில், விற்கப்படுகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. எங்கோ ஓர் இனத்தில் பொறுமையாகக் கண்டறிந்ததை இன்னொன்றின் தலையில் ஏற்றினால் நோயாளிக்கும் கேடு, தேனீக்கும் கேடு. மருந்தென்று நம்பிவிட்டவர்கள் எத்தனை சுவரை வேண்டுமானாலும் உடைப்பார்கள்.

அளவுகோல்

கோடெக்ஸ் என்ற உலகப் பொது விதியில் தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடுக்குத் தேனீயையும் இத்தாலியத் தேனீயையும் மனத்தில் வைத்த அளவு அது. அதன்படி பார்த்தால் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேன் பெரும்பாலும் தரம் குறைந்தது. மலேசியா 2017இல், அங்கே கெலுலுட் என்று அழைக்கப்படும் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனுக்குத் தனித் தரம் வகுத்து 35 சதவீதம் வரை அனுமதித்தது. ஓர் உயிரை அதன் இயல்பில் அறிந்தபின் அளவுகோலை மாற்றிக்கொள்வதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

விளைச்சலிலும் அப்படித்தான். ஒரு கூடு ஆண்டுக்கு அரைக் கிலோ தேன் தந்தால் அது நல்ல கூடு. உழைப்பில் ஒரு பங்கு பிசினுக்கும் சுவருக்கும் போய்விடுகிறது. அந்தச் செலவு இல்லாவிட்டால் தேனே நிற்காது. தேனுக்காக மட்டும் வளர்க்க நினைப்பவருக்கு இது குறையாகத் தோன்றும். கூட்டை உற்றுப் பார்த்தவருக்கு இதுதான் சரியான கணக்கு.

அரைக் கிலோமீட்டர்

கொசுத்தேனீ இரை தேடுவது பெரும்பாலும் கூட்டிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள். அதன் உலகம் ஒரு தெருவும் அதை ஒட்டிய தோப்பும்தான். அதற்குள் ஆண்டு முழுக்க ஏதாவது பூக்க வேண்டும், சில மரங்கள் கசிய வேண்டும், வயதான சுவரோ பொந்துள்ள மரமோ இருக்க வேண்டும். தென்னையும் காய்கறித் தோட்டமும் இந்தத் தேனீயின் வருகையால் பயன் பெறுபவை. பூக்கும் வேளையில் மருந்து தெளித்தால் அந்தச் சின்ன உலகத்துக்கு வெளியே தப்பிப் போக இதற்கு வேறு இடம் இல்லை.

எனவே நான் கேட்டுக்கொள்வது தேனைப் பற்றியதாக மட்டும் இல்லை. சுவரைப் பூசும்போது குழாய் நீண்டிருக்கும் விரிசலை விட்டுவையுங்கள். வீட்டை இடிக்கத்தான் வேண்டுமென்றால், கொசுத்தேனீ வளர்ப்பவரை முன்கூட்டியே அழைத்துக் கூட்டைப் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். தேன் எடுக்கும்போது குஞ்சறைகளைத் தொடாமல், தேன் குடங்களிலும் ஒரு பங்கை அவற்றுக்கே விடுங்கள். சிறுதேன் வாங்கும்போது விலையோடு சேர்த்து, கூடு இருக்கும் இடத்தில் என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் மரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்கள் மரம் நடத் தொடங்குவார்கள்.