வானம் தோண்டு!

மனை வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று?

நீ சொல்ல வேண்டாம். நடுமனையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் உடைமரமே சொல்கிறது!

மும்பையில் மூட்டை தூக்கினாய். வளைகுடா வெயிலில் வெந்தாய். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நம் ஊர் நாசரேத்தில் ஐந்து சென்ட் வாங்கினாய். நாலு மூலையிலும் கல் நட்டாய். அதோடு நின்றுவிட்டாய்!

ஏன்?

"காசு சேரட்டும்" என்கிறாய். எப்போது சேரும்? சிமெண்ட் விலை உனக்காகக் காத்திருக்குமா? கம்பி விலை இறங்கி வந்து உன் கதவைத் தட்டுமா? தட்டுவதற்குக் கதவாவது வைத்திருக்கிறாயா நீ?

உன்னைத் தடுப்பது காசு இல்லை. பயம்!

பக்கத்து முதலூரைப் பார். 1799. கிறிஸ்தவர்கள் ஆனதற்காக அடித்து விரட்டப்பட்ட ஏழைகள் அவர்கள். தொழுத இடமும் போயிற்று. உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முன்னே நின்றார். நிலம் வாங்கினார்கள். குடிசை போட்டார்கள். நீ ஒரு வீட்டுக்கு நடுங்குகிறாய். அவர்கள் ஓர் ஊரையே கட்டினார்கள்!

மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1876-இல் நாசரேத்துக்கு வந்தபோது தென்னாட்டில் பஞ்சம். அவருக்கோ சுகமில்லாத உடம்பு. "காலம் சரியில்லை" என்று உட்கார்ந்தாரா? 1878-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். ஆதரவற்ற பிள்ளைகளின் கையில் உளியும் சுத்தியலும் கொடுத்தார். 1908-இல் கண்மூடும் வரை கட்டிக்கொண்டே இருந்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு நீ நல்ல காலம் பார்க்கிறாயா?

"வெள்ளம் வந்தால்?" என்று கேட்கிறாய். இது நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. குளங்கள் உடைந்தன. மண்சுவர்கள் கரைந்தன.

அதைக் கண்டு பயப்படாதே. அதை அள!

தெருவில் மூத்தவர்களிடம் போ. "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அதற்கும் மேலே உன் பேஸ்மட்டம் நிற்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது என்று கேள். அந்த ஓடையை அடைத்துச் சுவர் எழுப்பாதே. சுவிட்ச் பெட்டியை உயரத்தில் வை. இதற்கெல்லாம் லட்சங்கள் வேண்டுமா? முன்யோசனை போதும்!

முகப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கழிவுத் தொட்டியைக் கடைசியில் நினைப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அந்த வியாதி உனக்கு வேண்டாம்.

காகிதம் எடு. கோடு போடு. கிழித்துப் போடு. மறுபடி போடு! காகிதத்தில் சுவரை இடிக்கக் காசு ஆகாது.

சிறியதாகக் கட்ட வெட்கமா? 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. குடிசையில் குனிந்து நுழைந்த ஒரு குடும்பம் அதற்குள் நிமிர்ந்து நடக்கிறது! உனக்கு மட்டும் முதல் நாளே மாளிகை வேண்டுமா? மாடியையும் தாங்கும்படி அடித்தளம் போடு. மேலே பிள்ளைகள் எழுப்பட்டும்.

தவறு நடக்கும். கொத்தனார் கோயில் கொடைக்குப் போனால் வாரம் கழித்து வருவார். கணக்கு எகிறும். எகிறட்டும்! அதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வை. அதைத் தொடாதே.

கடல் மணல் மலிவு என்று வண்டி வந்தால் திருப்பி அனுப்பு. உப்பு கம்பியைத் தின்னும். தேரி மணல் கண்ணுக்கு அழகு, கான்கிரீட்டுக்கு ஆகாது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? அதில் கலவை போடாதே. கான்கிரீட் போட்ட மறுநாளே ஓய்ந்துவிடாதே. பத்து நாளாவது தண்ணீர் கட்டு. தண்ணீர் கட்டக்கூட ஆள் தேடுவாயா? வாளி இல்லையா? கை இல்லையா?

"ஆபீஸ் ஆபீஸா அலையணும்" என்கிறாயா? அந்தச் சாக்கும் போயிற்று! 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். உன் ஐந்து சென்ட் அந்த அளவுக்குள்தான் வருகிறது.

இன்னும் என்ன பாக்கி?

வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? பட்டா உன் பெயரில் இருக்கிறதா? தாய்ப்பத்திரம் எங்கே?

தேடு. இன்றைக்கே தேடு! நாளைக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு போ. முதலில் அந்த உடைமரத்தை வெட்டு!