அழித்தல் தகுமா?

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, முடிச்சூர்ப் பக்கம் வசிக்கும் பெரியவர் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி வந்தார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இடம் நிறைந்துவிட்டது என்னும் அறிவிப்பு திரையில் நின்றது. உள்ளே பதினோராயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். "வேண்டாததையெல்லாம் அழிச்சிடுங்கப்பா" என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் கூறிவிட்டாராம். எது வேண்டாதது என்பதை அவர் கூறவில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஃபாதர், எங்க வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ எடுத்த படமும் இதுலதான் இருக்கு. அழிச்சா பாவமா?" என்று கேட்டார்.

அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலில் இக்கேள்விக்கு நேரான பாடம் இல்லை. ஆயினும் மறையுரை ஆற்றிப் பழகிய நாவுக்கு விடை உடனே கிடைத்துவிடும் அன்றோ! களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை எடுத்துக் கூறி, சேர்த்து வைப்பதில் பயனில்லை என்றோம். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. தலையசைத்தார். பிறகு மெல்ல, "2015-ல எங்க வீட்ல தண்ணி வந்துச்சு, ஃபாதர்" என்றார். நம் விடை எத்துணை அவசரமானது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவைத் தொட்டது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாற்றங்கரையின் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. பெரியவரின் வீட்டில் மரப்பெட்டியின் அடியில் இருந்த திருமண ஆல்பம் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. புகைப்படத்தாளின் மேல் உள்ள ஜெலட்டின் பூச்சு நனைந்தால் இளகும். காய்ந்தால் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றபோது ஒரு படத்தில் இருந்த முகம் மறுபடத்தின் முதுகோடு சேர்ந்து உரிந்து வந்ததாம். அதன் பின்னர், கண்ணில் பட்டதையெல்லாம் கைப்பேசியில் எடுத்து வைப்பது அவருக்கு வழக்கமாயிற்று. இவரிடமா களஞ்சிய உவமையைக் கூறினோம்! தமக்கென்று தானியம் சேர்த்தவரல்லர் இவர். ஒரு முறை பறிகொடுத்தவர்.

ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அழிந்துபோன அந்த ஆல்பத்தில் இருந்த நாற்பது படங்களையும் அவர் வரிசை தவறாமல் கூறினார். மூன்றாம் பக்கத்தில் மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஏழாம் பக்கத்தில் கேக் வெட்டும்போது பின்னால் ஒரு சிறுவன் நாக்கை நீட்டுவான். கைப்பேசியில் இருக்கும் பதினோராயிரத்தில் எத்தனையைத் திரும்பப் பார்த்தீர்கள் என்று கேட்டோம். சிரித்தார்.

இஃது அவருடைய குறையன்று. பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களே எடுக்க முடிந்த நாளில், எதை எடுப்பது என்பதை விரல் அழுத்தும் முன்னரே முடிவு செய்தோம். இன்று அந்த முடிவு தள்ளிப்போகிறது. 2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ் தொடங்கப்பட்டபோது, தரத்தைச் சற்றே குறைத்துக்கொண்டால் எத்தனை படங்களையும் கட்டணமின்றிச் சேமிக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1-இல் அச்சலுகை நின்றது. அதன்பின் சேர்க்கும் படங்கள், மின்னஞ்சலுக்கும் பிற கோப்புகளுக்கும் சேர்த்துத் தந்த 15 ஜிகாபைட்டுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. படம் ஒன்றுக்கு 3 மெகாபைட் என்று கொண்டால் ஏறத்தாழ ஐயாயிரம் படங்கள். ஒரு நிமிடக் காணொளி மட்டுமே 100 மெகாபைட்டைத் தொடக்கூடும். ஆறாண்டுகள் இலவசமாக இடம் கிடைத்ததால், தெரிந்தெடுக்கும் பழக்கமே நம்மிடம் மறைந்துபோயிற்று. மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால் இடம் பெருகும். முடிவும் மீண்டும் தள்ளிப்போகும்.

எல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. இரண்டு ஆண்டுகள் எவரும் திறவாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்னும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கணக்குக்கு உரியவர் இறந்து, கடவுச்சொல்லை அறிந்தவர் எவரும் இல்லையெனில், பதினோராயிரமும் ஒருசேரப் போகும். வெள்ளமாவது ஆல்பத்தின் அட்டையை விட்டுச்சென்றது.

அன்று மாலை பெரியவரும் நாமும் கைப்பேசியை ஆராயத் தொடங்கினோம். நிறைந்திருந்ததில் பெரும்பகுதி வாட்ஸ்அப் வழியாக வந்தவை: ரோஜா மலருடன் காலை வணக்கம், உதயசூரியனுடன் காலை வணக்கம், புனித அந்தோணியாருடன் காலை வணக்கம். இந்தியர் அனுப்பும் இத்தகைய வாழ்த்துப் படங்களால் கைப்பேசிகள் நிறைந்து திணறுவதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழே எழுதியது. (அனுப்புவோரில் பங்குத்தந்தையரும் உண்டு. நாமும் அனுப்பியிருக்கிறோம்.) வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடம் குறித்த பகுதியைத் திறந்தால், பெரிய கோப்புகளும் பன்முறை அனுப்பப்பட்டவையும் தனித்தனியே வரிசையாகத் தெரியும். அரைமணி நேரத்தில் மூவாயிரத்துக்கு மேல் நீக்கினோம். எவருடைய மனமும் நோகவில்லை.

கடினம் அதன் பின்னரே தொடங்கியது. மனிதர் நிற்கும் படங்கள் வந்தன. ஒரு படத்தை வைத்திருப்பவர் ஒருவர். படத்துக்குள் இருப்பவர் வேறொருவர். அழிக்கும் விரல் முன்னவருடையது. பின்னவரைக் கேட்பார் யார்?

இக்கேள்வி நம்மையும் சுட்டது. அன்றிரவு நம் பங்கு அலுவலகக் கைப்பேசியைத் திறந்து பார்த்தோம். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அரிசியும் போர்வையும் வழங்கியபோது எடுத்த படங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. நன்கொடை அளித்தோருக்குக் கணக்குக் காட்ட எடுத்தவை. முழங்கால் நீரில் நின்று கைநீட்டும் தாய்மார். பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு கேமராவைப் பார்க்கும்படி நாமே கேட்டுக்கொண்ட ஒரு முதியவர். அவர் கண் நம்மைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறது. அப்படத்தை எடுத்த நாளில் அதனை நாம் கவனிக்கவேயில்லை. கணக்கு என்றோ முடிந்துவிட்டது. ஆயினும் அவருடைய மிகத் தாழ்ந்த நாள் நம் கையில் இருந்தது, அவர் அறியாமலே. அதனை வைத்திருக்க நமக்கு உரிமையில்லை என்று தோன்றியது. எண்களைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் படங்களை நீக்கினோம். நம் உதவிக் குழுவினரில் ஒருவர் இதனை ஏற்கவில்லை. இந்த ஊர் பட்ட துன்பத்துக்குச் சான்று வேண்டாமா என்றார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. வெள்ளம் சூழ்ந்த தெருக்களின் படங்களை எனவே வைத்துக்கொண்டோம். நீட்டிய கைகளை வைத்துக்கொள்ளவில்லை.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் உண்டு. திருச்சபைச் சட்டம் 535-ஆம் எண் அவற்றை ஒவ்வொரு பங்கும் பேண வேண்டும் என்கிறது. ஒரு மனிதனின் பெயர் அவற்றில் மூன்று வரிகளில் அடங்கிவிடும். தம் பாட்டியின் வரியைத் தேடி வரும் பேரப்பிள்ளைகள், விரலை அவ்வரியின் மேல் வைத்து நெடுநேரம் நிற்பதைக் கண்டிருக்கிறோம். குறைவாக இருப்பதனால் அஃது அவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. நினைவை விரிந்த கூடங்களுக்கு ஒப்பிட்ட புனித அகுஸ்தினார், அதே நூலில் மறதியையும் வியந்து ஆராய்ந்தார் என்பது அவ்வேளைகளில் நம் எண்ணத்தில் எழும்.

இனி, மருத்துவமனைப் படங்கள். அவை பதினான்கு. மகன் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செவிலியர் ஒருவர் உதவியுடன் எடுத்தவை. சிகிச்சையினால் அம்மையாருக்கு முடி கொட்டியிருந்தது. கோவிலுக்கு வரும்போதெல்லாம் முக்காட்டைத் திருத்திக்கொண்டே இருப்பவர் அவர், நமக்கே நினைவிருக்கிறது. யாரும் பார்க்க வேண்டாம் என்று அப்போதே கூறினாராம். கணவருக்கோ அவை அவருடைய கடைசி முகம். அம்மையாரின் விருப்பத்தைக் காக்க வேண்டுமெனில் கணவர் இழக்க வேண்டும். கணவரின் ஆறுதலைக் காக்க வேண்டுமெனில் அம்மையாரின் சொல் மீறப்படும். இறந்தவருக்குக் கொடுத்த சொல்லைவிட உயிரோடு இருப்பவரின் தேவை பெரிது எனச் சிலர் வாதிடலாம். நமக்கு அது முழுவதும் ஒப்பவில்லை. பிறருக்குக் காட்டாதிருத்தல் வேறு, தானும் பாராதிருத்தல் வேறு. அம்மையார் கேட்டது முன்னதையே. அதுவரை கூறலாம். அதற்கு மேல் பெரியவருக்காக நாம் முடிவு செய்யலாகாது. மகனையும் கேட்காமல் செய்யலாகாது என்றோம். தாய் அவருக்கும் தாய்.

பெரியவரின் முதல் கேள்விக்கு, "பாவமில்லை ஐயா, ஆனா அவசரமும் இல்லை" என்பதே நம் விடையாயிற்று. முதற்காரியமாக எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்து, அதனை அவருடைய தங்கை வீட்டு மாடியில் வைக்கச் செய்தோம். கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் அழித்தால் கைப்பேசியில் உள்ளதும் அங்கே சேமித்த பிரதியும் சேர்ந்தே போகும் என்பதையும், சேமித்த படமாயின் 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தோம்.

இப்போது சனிக்கிழமை மாலைதோறும் வருகிறார். ஒரு தடவைக்கு இருநூறு படங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இருப்பவர் பெயரைச் சொல்லி, அதன் பிறகே வைப்பதோ நீக்குவதோ. தெரிந்தெடுத்தவற்றில் நாற்பதை அச்சிட்டு ஆல்பமாக்க வேண்டும் என்று, எண்ணையும் அவரே குறித்திருக்கிறார். சென்ற வாரம் 2019-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வரை வந்தோம். அம்மையார் குடில் வைக்கிறார், முக்காடு சரிந்திருக்கிறது, சிரிக்கிறார். பெரியவர் அந்தப் படத்தில் நெடுநேரம் நின்றார். மருத்துவமனைப் படங்கள் வர இன்னும் நான்கைந்து சனிக்கிழமைகள் ஆகும்.